உறவு இருப்பின் குறிப்பிடுக

என்னால் ஒரு கதிரையில் அரை மணித்தியாலம் தொடர்ந்து இருக்க முடியாது. கணக்காய்வுக் கந்தோரில் வேலை பார்க்கிற ஒருத்திக்கு இது பெரிய குறை. இருபது நிமிடத்தில் கால் தானாக ஆடத் தொடங்கும். பக்கத்து மேசைக்காரி, “கொஞ்சம் அடங்கி இரியன்கா, மேச நடுங்குது” என்பாள். நான் எழும்பிப் போய்த் தண்ணீர் குடிப்பேன். தாகம் ஒன்றும் இருக்காது. பிறகு மாடிப்படியில் இறங்கி, கீழே இருக்கிற சாறிக் கடையின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறி வருவேன். ஒன்பது வருடம் இப்படித்தான் போனது.

எங்கள் கந்தோர் கல்முனைப் பிரதான வீதியில், அந்தச் சாறிக் கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் இருக்கிறது. இருபத்தெட்டுப் பேர். பெரிய கந்தோர் என்றும் சொல்ல முடியாது, சின்னது என்றும் சொல்ல முடியாது. கொழும்பில் இருக்கிற பெரிய நிறுவனங்களுக்கு எங்களைத் தெரியாது. பஸ் நிலையத்துப் பக்கம் ஒற்றை மேசை போட்டு வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்களுக்கோ எங்களைக் கண்டால் எரிச்சல். இந்த நடுவாந்தர நிலைமை ஆட்களை ஒரு மாதிரி ஆக்கிவிடும். எல்லோருமே போவதற்காக வந்தவர்கள். இன்னும் ஒரு பாடம் பாஸ் பண்ணினால் கொழும்பு, விசா சரிவந்தால் கட்டார். புதுக் கதிரை கேட்பவர்கூட இல்லை. போகிறவனுக்கு எதற்குக் கதிரை?

நான் போகாததற்குக் காரணம் என் வீடு. என் வீடு என்றால் நான் இருக்கிற வீடில்லை, எனக்கென்று கட்டப்படுகிற வீடு. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடில்லாமல் மாப்பிள்ளை வராது. வாப்பா சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் விற்பவர். அவருடைய உழைப்பும் என் சம்பளமும் சேர்ந்து எங்கள் வீட்டு வளவின் பின்பக்கத்தில் நாலு சுவர்களை யன்னல் உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தன. அங்கேயே மூன்று வருடம் நின்றுவிட்டது. தூண்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் உம்மா உடுப்புக் காயப் போடுவா. எனக்கு முப்பத்தொரு வயதாகியிருந்தது.

இனி அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த வாடிக்கையாளரின் கோப்பைத் திறப்பதற்கு முன்பும், அதில் வேலை செய்யப் போகிறவர் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அதன் மூன்றாவது வரி இப்படி: “வாடிக்கையாளருடன் தற்போதைய அல்லது எதிர்பார்க்கப்படும் உறவு இருப்பின் குறிப்பிடுக.” அதற்கு நேரே விரலளவு நீளத்தில் புள்ளிக் கோடு. அதைத் தயாரித்தவர் கல்முனைக்கு வந்திருக்கமாட்டார். இங்கே யார்தான் யாருக்குச் சொந்தமில்லை? கடைக்காரர் வாப்பாவின் மச்சானாக இருப்பார், இல்லாவிட்டால் மச்சானின் சகலனாக இருப்பார். ஒழுங்காக எழுதினால் ஒரு கொப்பி போதாது. கந்தோரின் தலைவரை நாங்கள் பெரிய சேர் என்போம். புதிதாக வருகிறவர்கள் இந்தப் படிவத்தைக் கையில் வைத்து விழிக்கும்போது அவர் ஒரே பகிடியைத்தான் சொல்வார்: “சொந்தமில்லாத ஆள்ர கணக்கப் பாக்கணும் எண்டா நாம சந்திரனுக்குத்தான் போகணும்.” எல்லோரும் சிரிப்போம், புள்ளிக் கோட்டில் ‘இல்லை’ என்று எழுதுவோம். என் வீட்டுக்குச் சீமெந்து கடன் தந்த கடைக்காரர் உம்மாவின் பெரியம்மா மகன். அவருடைய கோப்பிலும் ‘இல்லை’ என்றுதான் எழுதினேன். அது பொய் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த வருடம் மார்ச் முடிவு நோன்புக்குள் வந்தது. வருடக் கணக்கு முடிகிற நாளில் சரக்கு இருப்பை நாங்கள் நேரில் போய் எண்ண வேண்டும். எனக்குச் சவளக்கடைப் பக்கத்திலுள்ள ஓர் அரிசி மில் கிடைத்தது. எண்ணுகிற நாட்கள் எனக்குப் பிடிக்கும், நடக்கலாம். என்னுடன் வந்த மெனேஜர் நோன்புக் களைப்பில் முன் அறை மின்விசிறியின் கீழே கணக்குப் புத்தகங்களோடு இருந்துவிட்டார். நான் மட்டும் களஞ்சியத்துக்குள் போனேன். மாரிகாலப் போகத்து அறுவடை முடிந்து கொஞ்ச நாள்தான். நெல் மூட்டைகள் கூரையைத் தொட்டன. சுணை கழுத்தில் ஒட்டி அரித்தது, நாக்கு வறண்டுபோனது. அப்படியிருந்தும் அடுக்கடுக்காக ஏறி இறங்கி எண்ணிக்கொண்டு போனேன்.

மூன்றாவது அடுக்கில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. மில்லுடைய மூட்டைகளின் வாயெல்லாம் வெள்ளை நூலால் தைத்திருந்தது. இந்த அடுக்கில் சிவப்பு நூல், பச்சை நூல், நீலம், ஓரிடத்தில் கிழிந்த சாறிக் கரைத் துண்டுகூட. கீழே சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“இது என்ன, கலர் கலரா?”

“அது அமானிதம் புள்ள. வயல் செய்ற கமக்காரங்க வெச்சிட்டுப் போனது. வெல ஏறினா வந்து எடுப்பாங்க.”

“துண்டு ஏதும் குடுக்கிறயா, எத்தின மூட்ட எண்டு?”

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. “அமானிதத்துக்கு ஆரும் துண்டு எழுதுவாங்களா? நூலப் பாத்தா விளங்கும்தானே, ஆர்ர எண்டு.”

அவள் சொன்னது சரிதான். ஒருவரை நம்பி ஒப்படைக்கிற பொருளுக்கு எங்கள் பக்கத்தில் எழுத்து கேட்க மாட்டார்கள். கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தம். மில் முதலாளி ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், ஊரெல்லாம் அவரை ஹாஜியார் என்றுதான் சொல்லும். அவருடைய களஞ்சியத்தில் நெல்லை வைத்துவிட்டு ஆட்கள் நிம்மதியாக உறங்கினார்கள். கலர் நூல் மூட்டைகளை மட்டும் தனியாக எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. கணக்காய்வாளர்கள் பாவிக்கிற பச்சைப் பேனாவால் தாளின் ஓரத்தில் எழுதினேன்: அமானிதம் 412.

ஹாஜியார் வாசல்வரை வந்தார். “நோம்போட இவ்வளவு ஏறி எறங்கிறயே மகள், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்” என்றார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், அதுதான் சிக்கல்.

பெருநாள் கழிந்து மூன்று கிழமையில் சாச்சி வந்தா. உம்மாவின் தங்கச்சி, ஊரில் பாதிக் கலியாணம் அவ வாயால் நடந்தது. வந்து இருந்தவுடன் வாப்பாவைப் பார்த்துச் சொன்னா: “மச்சான், நல்ல எடம் ஒண்டு. மாப்புள டோகாவில எஞ்சினியர். மில் ஹாஜியார்ர ராத்தாட மகன். வீடு வேணாமாம்.”

ஹாஜியாரின் அக்கா மகன் என்பது வாப்பாவுக்கு விளங்கியது, கடைசி வார்த்தைதான் விளங்கவில்லை. “என்ன வேணாமாம்?”

“வீடு மச்சான், வீடு. புள்ள மட்டும் போதுமாம்.”

வாப்பா சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். மூன்று வருடமாக அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எழும்பிப் பின்பக்கம் போய், கட்டி முடியாத அந்தச் சுவரைக் கையால் இரண்டு தரம் தட்டிவிட்டு வந்தார். “இனி நீ கெடக்கிறபடி கெட” என்று அதற்குச் சொன்னாராம், உம்மா சொல்லித்தான் தெரியும்.

எனக்கும் பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? படத்தில் மாப்பிள்ளையின் காது கொஞ்சம் பெரிதாக இருந்தது, முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. இரண்டு தரம் தொலைபேசியில் கதைத்தார். முதல் நாளே, “உங்களுக்கு ஒரு எடத்தில இரிக்கேலாதாமே, நெசமா?” என்று கேட்டார். “பொய், ஆரு சொன்ன?” என்றேன். குசினிக்கும் கேற்றுக்கும் நடுவில் நாலாவது தரம் நடந்துகொண்டுதான் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அடுத்த நாள் கந்தோரில் நினைத்து நினைத்து ஒரே வவுச்சருக்கு இரண்டு தரம் சரி போட்டேன்.

அடுத்த கிழமை மில்லின் கணக்குகள் வந்தன. சரக்குப் பட்டியலைப் புரட்டினேன். களஞ்சியத்தில் இருந்த அத்தனை மூட்டையும் மில்லுடைய சொந்த நெல்லாக ஏறியிருந்தது, கலர் நூல் நானூற்றுப் பன்னிரண்டும் சேர்த்து. ஏன் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. அந்த நெல்லைக் காட்டி மில் வங்கியிடம் கடன் கேட்டிருந்தது. எங்கள் கையெழுத்தோடு போகிற கணக்கைத்தான் வங்கி நம்பும். நாளைக்குக் கடனைக் கட்ட முடியாமல் போனால் வங்கிக்காரன் களஞ்சியத்துக்குப் பூட்டுப் போடுவான். அவனுக்கு நூலின் நிறம் தெரியாது. கமக்காரர்களின் கையில் ஒரு துண்டும் இல்லை.

அன்று பின்னேரம் சாச்சியின் வீட்டுக்குப் போனேன். “சாச்சி, இவங்க எப்ப என்னக் கேட்டது? நோம்புக்கு முன்னயா, பொறகா?”

“பொறகுதான். ஹாஜியார் உன்ன மில்லுல பாத்தாராம். கெட்டிக்காரப் புள்ள, நம்மட குடும்பத்துக்கு வேணும் எண்டாராம்.” சாச்சி அதைப் பெருமையாகச் சொன்னா.

அவர்களுக்குப் பிடித்தது என்னையா, என் பச்சைப் பேனாவையா? ஒருவேளை இரண்டுமாக இருக்கலாம். ஒருவேளை ஹாஜியார் அப்படி ஒன்றும் யோசிக்காமலே ஒரு நல்ல காரியம் செய்திருக்கலாம். இந்த ‘ஒருவேளை’கள் என்னைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை. கந்தோரில் மாடிப்படி ஏறி இறங்கியதில் செருப்பு தேய்ந்தது. வீட்டிலோ வாப்பா சீமெந்துக் கடைக்காரரிடம் இனிச் சீமெந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

மார்ச் மாத அவசரத்தில் விடுபட்டிருந்த மில் கோப்புக்கான படிவம் அப்போதுதான் என் மேசைக்கு வந்தது. மூன்றாவது வரியைப் பார்த்ததும் எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. அதை நேர்மை என்று நான் பெருமையடிக்க மாட்டேன், தப்பி ஓடுகிற தந்திரம்தான் அது. எதிர்பார்க்கப்படும் உறவு என்ற இடத்தில் ‘திருமணம்’ என்று எழுதினேன். உறவு இருந்தால் கோப்பு கை மாறும். மாறினால் அந்த நானூற்றுப் பன்னிரண்டு வேறு யாருடையதோ தலைவலி. என் கலியாணம் என் பாட்டில் நடக்கும்.

பெரிய சேர் படிவத்தை நீட்டிப் பிடித்து வாசித்தார். சந்திரன் பகிடி வரும் என்று நான் சிரிக்கத் தயாராக நின்றேன். வரவில்லை. “ஒராள் ஒழுங்கா எழுதின பொறகு மத்த ஆக்கள் எழுதாம இரிக்கேலா” என்றார். மெனேஜர் தொடங்கி, கோப்புக் கொண்டு நடத்தக்கூடிய பதினொரு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். “இந்த மில்லுக்கு மட்டும். உள்ளத எழுதுங்க.”

பின்னேரம் பதினொன்றும் அவருடைய மேசையில் இருந்தன. மெனேஜரின் மனைவி ஹாஜியாரின் தம்பி மகள். பக்கத்து மேசைக்காரியின் கூடப்பிறந்த நானா மில்லின் லொறி ஓட்டுகிறார். ஒருத்திக்கு ஹாஜியார் பெரிய மாமா. ஒருவர் எழுத இடம் போதாமல் தாளின் பின்பக்கத்துக்கும் போயிருந்தார். ஆலையடிவேம்பிலிருந்து வருகிற இந்துத் தமிழர் ஒருவர் எங்களோடு வேலை செய்தார், என் வயதுக்காரர். இவர்தான் தப்பினார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் படிவத்தில் ‘உறவு இல்லை’ என்று எழுதி, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தார்: அப்பாவின் நெல் அந்த மில்லில் இருக்கிறது.

வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன். “உங்கட அப்பா என்ன நூல் கட்டுற?”

“பச்ச. ஏன்?”

“எத்தின மூட்ட?”

“அறுவத்தி மூண்டு. தங்கச்சிர படிப்புக்கு எண்டு வெச்சிரிக்கிறார், வெல ஏறட்டும் எண்டு.” என் முகத்தில் எதையோ கண்டுவிட்டார். “ஏன் கேக்கிறீங்க?”

சொல்லக் கூடாது. வாடிக்கையாளரின் கணக்கு இரகசியம். “சும்மா” என்றேன். என்மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பெரிய சேர் என்னைத் திரும்பக் கூப்பிட்டார். மில் கோப்பை என் பக்கம் தள்ளினார். “இதுக்குள்ள தூரத்துச் சொந்தம் உன்டதுதான். மத்த எல்லாருக்கும் நடந்து முடிஞ்சது, அந்தத் தமிழ்ப் பொடியனுக்கு வாப்பாட நெல்லே அங்க இரிக்கி. உனக்கு இன்னும் நடக்கல்லதானே.” சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “என்ட மருமகனும் அந்தக் குடும்பம்தான். நான் உனக்கு ஒண்டும் சொல்லேலா. நீ எண்ணின தாள மட்டும் கிழிச்சிப் போடாத.”

ஓடித் தப்ப நினைத்தவளின் மடியிலேயே கோப்பு திரும்பி வந்து விழுந்தது. இரண்டு நாள் அதைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறிச் சவளக்கடைக்குப் போனேன்.

ஹாஜியார் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார், அவரே பிளேன்டித் தேநீர் ஊற்றினார். “வா மகள், இனி நம்மட வீட்டுப் புள்ள.” நான் பட்டியலை விரித்து அந்த இடத்தைக் காட்டினேன். அவர் ஒளிக்கவில்லை.

“நெல்லு என்ட களஞ்சியத்திலதானே இரிக்கி? ஒரு மூட்ட கொறஞ்சிரிக்கா?”

“இல்ல ஹாஜியார்.”

“முப்பது வருஷமா அமானிதம் வெக்கிறாங்க. ஒருத்தனாவது என்னக் கொற சொல்லிரிக்கானா?”

“இல்ல.”

“அப்ப என்ன? பேங்குக்கு ஒரு கணக்குக் காட்டணும், காட்டிரிக்கன். கடனக் கட்டிருவன்.”

அவர் சொன்னதெல்லாம் உண்மை. தலையை ஆட்ட வேண்டும்போல இருந்தது. ஆட்டியிருந்தால் வாப்பாவின் சிரிப்பு அப்படியே இருந்திருக்கும், டோகாவிலிருந்து வருகிற அந்தக் குரலும் இருந்திருக்கும். கால் ஆடத் தொடங்கியது. எழும்பிக் களஞ்சிய வாசல்வரை நடந்தேன். மூன்றாவது அடுக்கில் பச்சை நூல் தெரிந்தது. அங்கே நின்றபடியே கேட்டேன்.

“கட்டேலாமப் போனா? பேங்க்காரன் வந்து பூட்டுப் போட்டா, அந்த ஆக்கள் எதக் காட்டி நெல்லக் கேக்கிற?”

ஹாஜியார் பட்டியலை மடித்து மேசையில் வைத்தார். “நானூத்திப் பன்னெண்டையும் கழிச்சித்தான் எழுதுவன் ஹாஜியார்” என்றேன். திருத்தி எழுதிய புதுப் பட்டியலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. புதுப் பட்டியலை வாங்கி, கண்ணாடி போட்டு வாசித்து, கையெழுத்து வைத்தார். தாளைத் திருப்பித் தரும்போது, “உங்கட வேலய நீங்க செய்றீங்க, மிஸ்” என்றார். மகள் என்று சொல்லவில்லை. பிளேன்டி ஆறிப்போயிருந்தது, நான் குடிக்கவில்லை.

மூன்று கிழமை ஒரு சத்தமும் இல்லை. பிறகு சாச்சி வந்தா. இந்தத் தடவை கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னா. “அவங்க யோசிச்சிப் பாத்தாங்களாம். வீடு இரிந்தா நல்லமாம். கீழ் வீடு மட்டும் காணாதாம், மேல்மாடியும் வெச்சி.”

வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, எங்களால் ஏற முடியாத ஒரு மாடியைக் காட்டினார்கள். பிடித்தது என்னையா, பேனாவையா என்ற என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

வாப்பா என்னைப் பார்த்தார். “என்ன மகள் நடந்த?” எல்லாவற்றையும் சொன்னேன், இரகசியத்தையும் சேர்த்து. அவர் முழுவதையும் கேட்டார்.

“அந்த ஆக்கள்ர நெல்லு கணக்கில இருந்து வெளிய வந்திட்டா?”

“ஓம் வாப்பா.”

“அப்ப சரி.”

சொல்லிவிட்டு எழும்பிப் பின்பக்கம் போனார். சுவரைத் தட்டவில்லை. கம்பியில் காய்ந்துகொண்டிருந்த தன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சீமெந்துக் கடைப் பக்கம் நடந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நல்லது செய்தோம் என்ற நிம்மதி ஒரு துளியும் வரவில்லை. கோபம்தான் வந்தது, ஹாஜியார்மேல், அந்தப் படிவத்தின்மேல், என்மேல். பெரிய காதுக்காரர் பிறகு அழைக்கவில்லை. ஒரு மாதம் வரைக்கும் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவரோ என்று பார்த்தேன்.

நானும் கந்தோரை விட்டுப் போய்விடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வீடு கட்டி முடியவேண்டுமே, எங்கே போவது? அடுத்த வருடம் மார்ச் முடிந்து, மில்லின் கோப்பு வந்தது, அதோடு படிவமும் வந்தது. பெரிய சேர் அதை என் மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். மூன்றாவது வரிக்கு வந்தேன். முன்பெல்லாம் யோசிக்காமல் எழுதிய ஒரு சொல், இந்த முறை அது உண்மையும்கூட. பேனாவை வைத்துவிட்டு எழும்பினேன், மாடிப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினேன், திரும்பி வந்து புள்ளிக் கோட்டில் ‘இல்லை’ என்று எழுதினேன். பெரிய சேர் அதை வாசித்தார். சந்திரனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தாளை எடுத்துக்கொண்டு போனார்.